யோகத்துக்கு ஒரு அடுப்பு

முற்றத்து மாமரத்தின் கீழ் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது. அதன் மேல் நான். பின்சில்லு நிலத்தில் படாமல் சுற்றுகிறது. சில்லை உரசிக்கொண்டு டைனமோ இரைகிறது. டைனமோவில் தொடங்கும் வயரின் மறுநுனியில், கால் ஒடிந்த கதிரை ஒன்றின் மேல், மாமாவின் ரேடியோ இருக்கிறது. அதைச் சுற்றிப் பாய் விரித்து அக்கம்பக்கத்தார் குந்தியிருக்கிறார்கள். எல்லோருக்கும் முன்னால், என் இடது முழங்காலுக்குப் பக்கத்தில், மாமி.

புதன்கிழமை, பொழுது படுகிற நேரம். கிழமைக்கு ஒருமுறை வரும் வானொலி நாடகம் நடந்துகொண்டிருந்தது.

"கொஞ்சம் பலமா உழக்குங்க தம்பி. அந்தப் பொம்பிள என்ன சொல்றாள் எண்டு விளங்கல்ல," என்றார் மாமி.

நான் பலமாக உழக்கினேன். நாடகத்துப் பெண் பலமாக அழுதாள். ஓர் அடிகூட முன்னே போகாத சைக்கிளில் இருந்துகொண்டு எனக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வைக்கு உழக்கியது பாதிக் காரணம். மற்றப் பாதிக்குக் காரணம், என் வாய்க்குள் இருந்த ஒரு வசனம். யோகம் அதைக் காலையிலேயே என் வாயில் வைத்து அனுப்பியிருந்தாள்.

'மாமி, யோகத்துக்கு ஒரு அடுப்பு வேணும்.'

அவ்வளவுதான் வசனம். யோகம் என் மனைவி. மாமி அவளைப் பெற்றவர். அன்று பகல் முழுக்க அந்த வசனத்தைச் சொல்லப் போய்ப் போய்த் திரும்பி வந்திருந்தேன். நாடகம் முடிவதற்குள் சொல்லியாக வேண்டும் என்பது யோகத்தின் கட்டளை.

ஒரு அடுப்பைக் கேட்பதற்கு இவ்வளவு பாடா என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். மாமியைத் தெரியாதவர்கள்தான் அப்படி நினைப்பார்கள். ஆகவே மாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

டைனமோவுக்குப் பெண் கொடுத்த வீடு

நான் கல்குடாப் பக்கத்தவன். சண்டையில் ஊர் கலைந்தபோது உறவுக்காரர் ஒருவரைத் தேடி வவுணதீவுப் பக்கம் வந்து சேர்ந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்குத் தெரிந்த தொழில் மீன். விடியும் முன் வாவித் துறைக்குப் போய், தோணி கரைக்கு வந்ததும் மீன் வாங்கி, சைக்கிள் பெட்டியில் போட்டுக்கொண்டு வட்டைகளுக்குள் இருக்கும் ஊர்களில் விற்பேன். வட்டை என்றால் வயல்வெளி. இருட்டில் வரம்புப் பாதையில் போவதற்காகத்தான் சைக்கிளில் டைனமோ.

மற்ற மீன்காரர்கள் ஊர் எல்லையிலேயே கூவத் தொடங்குவார்கள். எனக்குக் கூவ வராது. சத்தம் போட்டால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று பயம். ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் மீன் விற்பது எப்படி என்று யோசித்து, கடைசியில் சைக்கிள் மணியை மட்டும் அடித்துக்கொண்டு போவேன். அதனால் எனக்கு அந்தப் பக்கத்தில் 'மணிக்காரன்' என்று பெயர். சில பிள்ளைகள் ஐஸ்பழம் விற்கிறவன் என்று ஓடிவந்து, மீனைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு போனதும் உண்டு.

மாமியின் வீட்டு வேலிப் படலையில் ஒருநாள் நின்றேன். மாமி மீனைப் பார்க்கவில்லை. குனிந்து டைனமோவைப் பார்த்தார்.

காரணம் இருந்தது. அந்த நாளில் எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்திருக்கவே இல்லை. வாவிக்கு அந்தப் பக்கம், பட்டணம் இருக்கிற புளியந்தீவில் வெளிச்சம் சில நாள் தெரியும். சில நாள் அங்கேயும் இருட்டுத்தான். பாலத்தடியில் ராணுவச் சோதனை. மண்ணெண்ணெய் அளவாகத்தான் வரும். சவர்க்காரத்தைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பற்றரி வரவே வராது.

மாமாவிடம் நல்ல ரேடியோ ஒன்று இருந்தது. உள்ளே இருந்தவை செத்த பற்றரிகள். அவற்றை நெல்லுக் காயப்போட்ட பாயிலேயே ஒரு மூலையில் வரிசையாய்க் காயப்போடுவார். கோழி கொத்தாமல் காவல் இருப்பார். ஒருமுறை அவித்தும் பார்த்தார். காய்ந்து சூடேறிய பற்றரியைப் போட்டால் ரேடியோ கொஞ்ச நேரம் முனகும். 'இன்று காலை மட்டக்களப்பில்' என்று செய்தி தொடங்கும். அத்தோடு நின்றுவிடும். மட்டக்களப்பில் என்ன நடந்தது என்பதை மட்டக்களப்பில் இருந்துகொண்டே அறிய முடியாமல் மாமா ரேடியோவின் முதுகில் தட்டிக்கொண்டிருப்பார்.

மாமி டைனமோவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இதில் ரேடியோவும் பாடுமாமே என்று கேட்டார். நடுவில் ஒரு சின்னச் சாமான் பூட்டினால் பாடும், பூட்டித்தர ஒருவரைத் தெரியும் என்று சொன்னேன். அன்று அவரிடம் நான் பேசியது அவ்வளவுதான். அடுத்த மாதம் என் உறவுக்காரரிடம் கல்யாணப் பேச்சு வந்தது.

'டைனமோவுக்குத்தான் பெண் கொடுத்தது, பெடியன் சும்மா கூட வந்தவன்' என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்களில் முதலாவது ஆள் பக்கத்து வளவு இராசம்மா அக்கா. நான் மறுத்துப் பேசவில்லை. அது பொய் என்று எனக்கும் முழுதாக நம்பிக்கை இருக்கவில்லை.

கத்தரிக்குக் குளித்தல்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. அப்படிப் போன எனக்கு, முதல் நாள் காலையில், குளிக்கவென்று கிணற்றடிக்குப் போனபோதுதான் அந்த வீட்டின் சட்டதிட்டம் விளங்கியது.

வாவிக்கரைக் கிணறு அது. கோடையில் கூடுதலாக அள்ளினால் உவர் ஏறிவிடும். பிறகு மழை வரும்வரை தேத்தண்ணியே உப்பாகத்தான் இருக்கும். அதனால் அள்ளிய தண்ணி ஒவ்வொன்றும் இரண்டு வேலையாவது செய்யாமல் மண்ணுக்குள் போகக்கூடாது என்பது மாமியின் சட்டம். அரிசி கழுவிய தண்ணி கன்றுக்குட்டிக்கு. மீன் கழுவியது தென்னைக்கு. மனிதர் குளித்தது தோட்டத்துக்கு.

குளிப்பதற்கு ஒரு தட்டைக் கல் இருந்தது. அந்தக் கல் ஓர் இடத்தில் நிற்காது. ஒவ்வொரு நாள் காலையிலும் மாமி தோட்டத்தைச் சுற்றி வந்து, எந்தப் பாத்தி வாடியிருக்கிறது என்று பார்த்து, கல்லை அங்கே புரட்டி வைப்பார். பிறகு குரல் கொடுப்பார்.

"இண்டைக்குக் கத்தரிக்குக் குளிங்க தம்பி."

நான் கத்தரிக்குக் குளித்தேன். மறுநாள் மிளகாய்க்கு. அதற்கு அடுத்த நாள் வெண்டிக்கு. சவர்க்காரம் போட வேண்டுமென்றால் வாழை முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். மற்றச் செடிகளுக்குச் சவர்க்காரத் தண்ணி ஆகாதாம்.

வாழை முறையை நான் காத்திருந்ததற்கு வேறு காரணம். வாழைக்குப் பின்னால் ஓர் ஆள் மறையலாம். கத்தரிச் செடி முழங்கால் உயரம். வேலியும் அந்தப் பக்கம் தாழ்வு. இடுப்பில் ஒரு சாரத்தோடு, குந்தியிருந்து, கத்தரி இலைகளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நான் குளித்ததை ஊர்ப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இராசம்மா அக்கா வேலிக்கு மேலால் பார்த்து, மாப்பிள்ளையை நட்டு எவ்வளவு நாள், இன்னும் பூக்கவில்லையா என்று மாமியிடம் விசாரிப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் தோட்டம்போல் வேறு தோட்டம் பச்சையாக இருக்கவில்லை. கத்தரி நன்றாகக் காய்த்தது. கறியில் உப்புக் கூடிப்போனால் மட்டும் மாமா ஒருமுறை என்னைப் பார்ப்பார்.

ஒரு விளக்கும் ஒரு ரேடியோவும்

விளக்கும் ஒன்றுதான். மருந்துப் போத்தலின் மூடியில் ஓட்டை போட்டுத் திரி விட்ட குப்பி விளக்கு. மாமி சமைக்கக் குசினிக்குப் போனால் வெளிச்சம் குசினிக்குப் போகும். மாமி அறைக்கு வந்தால் வெளிச்சம் அறைக்கு வரும். நாங்களும் பின்னால் போய் வந்துகொண்டிருப்போம். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமி ஊதி அணைத்துவிடுவார். கதைக்கிறதற்கு வெளிச்சம் எதற்கு என்பது அவர் கேள்வி.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் மண்சுவர் வீடு. இருட்டில் ஒரு பக்கம் நான் யோகத்திடம் மெதுவாக ஏதாவது கேட்டால், சுவருக்கு மறுபக்கமிருந்து மாமி பதில் சொல்லிவிடுவார். ஆகவே நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

என் மனதில் இருந்ததை வெளியே சொன்னது ரேடியோதான். அது டைனமோவின் குணம். வேகமாக உழக்கினால் சத்தம் ஏறும், தளர்ந்தால் இறங்கும். பின்னேரச் செய்திக்கு நான் உழக்கிக்கொண்டிருக்கும்போது யோகம் குடத்தோடு முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போவாள். நான் அவளைப் பார்க்கவே மாட்டேன். நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் செய்தி வாசிக்கிறவர் திடீரென்று கத்தத் தொடங்குவார். யோகம் மறைந்ததும் அவர் குரல் சுரத்தில்லாமல் போய்விடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவரும் இராசம்மா அக்காதான்.

"இன்னொருக்கா இதால போ புள்ள யோகம். செய்தி இப்பதான் நல்லாக் கேட்டது," என்றார் ஒருநாள்.

மாமா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். யோகமும் குடத்துக்குப் பின்னால் சிரித்தாள். என் காது இரண்டும் எரிந்தன. அதற்குப் பிறகு நான் எவ்வளவு கவனமாக ஒரே சீராக உழக்கப் பார்த்தாலும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

சூரியனுக்கு முந்தாத அடுப்பு

இனி அடுப்புக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் விறகுக்குக் காட்டுப் பக்கம் போவது நல்லதல்ல. போனவர்களில் சிலர் விறகோடு வந்தார்கள். சிலர் விறகில்லாமல் ஓடி வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் மாமியின் வீட்டில் உமி அடுப்பு. தகரப் பேணி ஒன்றின் நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர உமியை இடித்து இறுக்கி, போத்தலை மெல்ல உருவி எடுத்தால் நடுவில் ஒரு துவாரம் வரும். அடியில் நெருப்பு வைத்தால் அது அவசரப்படாமல் எரியும். ஒருமுறை மூட்டினால் பகல் சோறு, கறி, பிறகு தணலில் இரவுக்கான கறியைச் சூடாக்குவது எல்லாம் நடக்கும். ஒரு நெருப்புக்குச்சி, ஒரு நாள். இரண்டாவது குச்சியை உரசினால் மாமிக்கு அது உடம்பில் உரசியதுபோல.

அந்த அடுப்பு சூரியனுக்கு முந்தி எரியாது. வெயில் ஏறி உமியின் ஈரம் போனபிறகுதான் மூட்டுவது. ஈரத்தில் மூட்டினால் குச்சியும் போய், உமியும் போய், புகைதான் மிஞ்சும்.

நானோ விடியும் முன் புறப்படுகிறவன். போகும்போது பழஞ்சோற்றில் வெங்காயத்தை நறுக்கிப் போட்டு, அந்தத் தண்ணியையும் குடித்துவிட்டுப் போவேன். மாரி தொடங்கி, வாவியிலிருந்து ஈரக்காற்று அடிக்கத் தொடங்கியதும் யோகத்துக்கு அது மனதை அறுக்கத் தொடங்கிற்று. மற்றப் பெண்கள் எல்லாம் தங்கள் புருஷன்மாருக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்புகிறார்கள், நான் மட்டும் குளிர்ந்த சோற்றைக் கொடுக்கிறேன் என்று சொல்லி மூக்கைச் சிந்துவாள்.

எங்கள் வழக்கப்படி அவளுக்கு ஓர் அடுப்பு வரத்தான் வேண்டும். கல்யாணம் முடிந்து கொஞ்சக் காலம் எல்லோருக்கும் ஒரே உலை. பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் அதே வளவில் ஒரு மூலையில் சின்ன வீடு கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். பெரிய வீடும் அதன் குசினியும் மகளுக்கு. அன்றுதான் அவள் வீட்டுக்காரி. யோகத்தின் வயதுக்காரிகள் பலர் அப்படி வீட்டுக்காரி ஆகிவிட்டார்கள். மாமி மட்டும் அசையவில்லை. இரண்டு வீடு என்றால் இரண்டு அடுப்பு, இரண்டு விளக்கு, இரண்டு நெருப்புப் பெட்டி. சண்டை முடியட்டும் என்றார். சண்டை எப்போது முடியும் என்று யாராலும் அவரைத் திருப்பிக் கேட்க முடியவில்லை.

மாமி பிறவியிலேயே இப்படி இல்லை என்று மாமா சொல்லுவார். முன்பு ஒருமுறை ஊரோடு ஓடிப்போய்ப் பள்ளிக்கூடமொன்றில் இருந்தபோது, ஒரு வாளி தண்ணிக்கு வரிசையில் நின்ற இடத்தில், முன்னால் நின்ற பெண் வாளியைத் தவறிக் கொட்டிவிட்டாளாம். தண்ணி கொட்டிய அந்த ஈரமண்ணைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாளாம். மாமி தன் வாளியில் பாதியை அவளுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்த நாளிலிருந்து குளிக்கும் கல் நடக்கத் தொடங்கிவிட்டது.

இதையெல்லாம் கேட்டபிறகு அந்த மனிசியிடம் போய் இன்னோர் அடுப்பு வேண்டும் என்று எந்த வாயால் கேட்பது?

அந்தப் புதன்கிழமை காலையில் யோகம் பழஞ்சோற்றுக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, அதை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"நான் கேட்டா அம்மா என்னை ஏசி அனுப்பிடுவா. மருமகன் கேட்டா மறுக்கமாட்டா. இண்டைக்கு நாடகம் முடியிறதுக்குள்ள கேளுங்க. கேக்காட்டி நான் மறுகா ஒருநாளும் அடுப்பெண்டு வாயே திறக்கமாட்டன்."

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் பிறகு. யோகம் சொன்னால் சொன்னதுதான். வாய் திறக்கமாட்டேன் என்றால் அடுப்பைப் பற்றி மட்டுமல்ல, வேறு எதற்கும் திறக்கமாட்டாள். பேசாத இரண்டு பேர் ஒரு அறைக்குள் இருட்டில் இருந்து என்ன செய்வது? நான் பேசாமல் இருக்கலாம். அவளும் பேசாமல் இருந்தால் எனக்கு உலகமே இல்லை.

சத்தத்துக்குள் ஒரு வசனம்

பகல் முழுக்கச் சந்தர்ப்பம் பார்த்தேன். குளிக்கப் போன நேரம் கேட்கலாமென்று நினைத்தேன். மாமி கத்தரியில் பூச்சி விழுந்ததைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கவலையோடு இதையும் சேர்க்க மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரம் கேட்கலாமென்று நினைத்தேன். மாமி மீன் தலையை எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்துவிட்டார். வீட்டிலேயே பெரிய மரியாதை அதுதான். மீன் தலையை வாயில் வைத்துக்கொண்டு ஒருவரிடம் வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று எப்படிச் சொல்வது?

பின்னேரம் சைக்கிளில் ஏறியபோதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மாமி என் முழங்காலடியில் இருக்கிறார். மற்றவர்கள் ரேடியோவைச் சுற்றி இருக்கிறார்கள். நாடகம் உச்சத்துக்கு வரும்போது பலமாக உழக்கினால் ரேடியோ அலறும். அந்தச் சத்தத்துக்குள் குனிந்து, மாமிக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வசனத்தைச் சொல்லிவிடலாம். மற்ற ஒருவருக்கும் கேட்காது. மாமி என் முகத்தைப் பார்க்கவும் மாட்டார். ரேடியோவையல்லவா பார்த்துக்கொண்டிருப்பார்.

நாடகத்தில் காணாமற்போன மகன் ஒருவன் பல வருஷத்துக்குப் பிறகு திரும்பி வந்திருந்தான். அவன் உண்மையான மகன்தானா என்று ஊரே சந்தேகப்படுகிறது. தாய் மட்டும் இவன்தான் என்கிறாள். எதை வைத்து அடையாளம் கண்டாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவள் இதோ சொல்லப் போகிறாள்.

நான் பலமாக உழக்கினேன். யோசித்துத் தளர்ந்தேன். மறுபடி பலமாக உழக்கினேன். தாயின் குரல் ஏறியது, இறங்கியது. பாயில் இருந்தவர்கள் காதைத் தீட்டினார்கள். இன்றைக்கு மருமகனுக்குள் என்னவோ ஓடுது என்று இராசம்மா அக்கா முணுமுணுத்தார். குசினி வாசலில் யோகம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதுதான் நேரம் என்று குனிந்தேன். மூச்சை இழுத்தேன். சத்தத்துக்கு மேலாகக் கேட்க வேண்டுமே என்று குரலையும் உயர்த்தினேன்.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே நேரத்தில் ஒரு வேலைதான் வரும். வாய் திறந்ததும் கால் நின்றுவிட்டது. கால் நின்றதும் சில்லு நின்றது. ரேடியோ மூச்சடங்கிற்று. அந்த முற்றத்தில் ஓர் இலை விழுந்தாலும் கேட்கிற அமைதிக்குள், நான் வாழ்நாளில் முதற்தடவையாக உரத்த குரலில் பேசினேன்.

"மாமி, யோகத்துக்கு ஒரு அடுப்பு வேணும்."

மீன் விற்கக் கூவாத தொண்டைக்குள் இப்படி ஒரு குரல் இருந்தது எனக்கே தெரியாது. அடுத்த தெருவில் நாய் ஒன்று குரைத்தது.

மாமா மெல்ல எழுந்து ரேடியோவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது எந்த ஸ்டேசன்?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் சென்றது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாமி. மற்றது நான், சைக்கிளில் இருந்து இறங்கவும் தெரியாமல், ஓடவும் தெரியாமல்.

"முதல்ல உழக்குங்க தம்பி. மறுகா பாப்பம்," என்றார் மாமி.

உழக்கினேன். நாடகத்தில் தாய் சொல்லி முடித்துவிட்டாள். எல்லோரும் மகனைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அவள் மகனை எதை வைத்து அடையாளம் கண்டாள் என்பது எங்கள் ஊரில் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. இராசம்மா அக்கா என்னைக் காணும்போதெல்லாம் அதைக் கேட்பார், நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதுபோல.

நாடகம் முடிந்து ஆட்கள் எழும்பிப் போகவில்லை. அடுத்த நாடகத்தைப் பார்க்க இருந்தார்கள். மாமி என்னைக் கேட்கவில்லை. யோகத்தைக் கூப்பிட்டார்.

"உனக்கு அடுப்பு எதுக்கு புள்ள?"

"விடியிறதுக்கு முன்னம் அவருக்கு ஒரு சுடுதேத்தண்ணி ஊத்திக் குடுக்க."

"தம்பி தேத்தண்ணி வேணுமெண்டு ஒருநாளும் சொல்லல்லியே."

"அவர் என்னத்தம்மா சொன்னவர்? மீன் விக்கிறதுக்கே மணி அடிக்கிறவர்."

மாமி கதிரையில் இருந்த ரேடியோவைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். விளக்கும் அவரோடு போயிற்று. இருட்டில் இருந்து சிரித்தவர்கள் தடவித் தடவி வீட்டுக்குப் போனார்கள்.

தணல்

கொஞ்ச நாளில் வளவின் கிழக்கு மூலையில் மாமா கப்புக் கால்கள் நடத் தொடங்கினார். தென்னங்கிடுகு வேய்ந்தார். நல்ல நாள் பார்த்து மாமியும் மாமாவும் அங்கே ஒதுங்கினார்கள். பெரிய வீட்டில் பால் காய்ச்சினோம். பால் பொங்கி விளிம்பைத் தொட்டதுமே மாமி பாத்திரத்தை இறக்கிவிட்டார். பொங்கினால் போதும், சும்மா கொதிக்க வேண்டியதில்லை என்றார்.

யோகம் அன்று வீட்டுக்காரி ஆனாள். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. விளக்கு ஒன்றேதான்; அவர்கள் சாப்பிட்டு முடிந்ததும் எங்கள் பக்கம் வரும். நெருப்புப் பெட்டியும் ஒன்றேதான்; அது மாமியின் மடியில். யோகத்துக்கு நெருப்பு வேண்டுமென்றால் மாமியின் அடுப்பிலிருந்து தேங்காய்ச் சிரட்டையில் தணல் எடுத்துக்கொண்டு போகலாம்.

முதல் நாள் விடியற்காலை. மாரிக் குளிர். மீன் பெட்டியைக் கட்டிவிட்டு நான் சைக்கிளோடு நின்றேன். முந்திய நாள் முழுக்க மெழுகிய புது அடுப்பில் உமியை இறுக்கி வைத்துவிட்டு, சிரட்டையோடு யோகம் மூலை வீட்டுக்கு ஓடினாள். வரச் சற்றுத் தாமதமாயிற்று. திரும்பி வந்தபோது ஒரு கையில் தணல். மற்றக் கையில் ஆவி பறக்கும் கோப்பை. முகம் மழை வானம்போல இருந்தது.

மாமி இருட்டோடு எழும்பி அடுப்பை மூட்டியிருக்கிறார். ஏன் என்று யோகம் கேட்டிருக்கிறாள். தணல் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நான் மூட்டத்தானே வேண்டும் என்றாராம். மூட்டிய நெருப்பு சும்மா எரியக் கூடாதே, கேத்தலை வைத்தேன் என்றாராம். ஊற்றியதை ஆறவிடாமல் தம்பிக்குக் கொண்டுபோ, உனக்கு அடுப்பு மூட்டுகிற வேலை மிச்சம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"குடிக்காதீங்க," என்றாள் யோகம். "என்ட அடுப்பில நான் ஊத்துறன்."

கோப்பையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நிமிர்ந்தபோது, மூலை வீட்டு வாசலில் மாமி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. நான் குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஊதுகிற சத்தம் கேட்டது. ஈர உமி புகைந்தது. யோகம் இருமினாள். கிழக்கு வெளுத்துக்கொண்டு வந்தது. தோணிகள் இந்நேரம் துறைக்கு வந்திருக்கும். வாசலில் நின்ற மாமி அசையவில்லை. நான் திரும்பி நின்று, மாமிக்குத் தெரிகிற மாதிரியும் யோகத்துக்குத் தெரியாத மாதிரியும் ஒரு மிடறு குடித்தேன். பிறகு முழுவதும் குடித்தேன்.

வெறுங்கோப்பையை மீன் பெட்டிக்குப் பின்னால் வைத்த நேரம் யோகம் வந்தாள். கண் சிவந்து, மூக்கில் கரி. அவளுடைய தேத்தண்ணியில் புகை மணத்தது. சீனி கொஞ்சம் கூட. அதையும் குடித்தேன். அவள் நான் குடித்து முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒருவர் என்னைப் பார்த்ததும், எனக்கு ஓட வேண்டும்போல் இல்லாமல் இருந்ததும் அதுதான் முதல் தடவை.

அன்று துறையில் நல்ல மீன் எல்லாம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது பொடி மீன்.

அதன் பிறகு ஒவ்வொரு விடியற்காலையும் அப்படித்தான். சூரியனுக்கு முந்தக் கூடாத அடுப்பு, ஒன்றுக்கு இரண்டாக எரிந்தது. உமி அளந்து, தண்ணி அளந்து, குச்சி எண்ணி வாழ்ந்த மாமி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமாதான் ஒருநாள், சண்டைக் காலத்தில் இரண்டு அடுப்புத் தேத்தண்ணி குடிக்கிற ஒரே மீன்காரன் இவன்தான் என்று துறையடியில் சொல்லி வைத்தார்.

இப்போது எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது. டைனமோ துருப்பிடித்துக் கிடக்கிறது. மாமி போய்ச் சில வருஷமாகிறது. யோகம் கரண்ட் கேத்தலில் ஒரு கோப்பைக்கு அளந்து தண்ணி வைக்கிறாள். எழும்பும்போது லைட்டை அணைத்துவிட்டு எழும்புகிறாள், நான் அங்கேயே இருந்தாலும். தேத்தண்ணி மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

அவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்ல முடியாத ஒரு விஷயம் உண்டு. மாமியிடமும் சொல்லவில்லை. இரண்டு பேரும் அந்தக் குளிரில் எனக்காக நெருப்பு ஊதிக்கொண்டிருந்தபோது எப்படிச் சொல்வது? சத்தத்துக்குள் மறைந்து சொல்ல இப்போது ரேடியோவும் இல்லை. யோகம் இந்தப் பத்திரிகையை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறாள். ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்குத் தேத்தண்ணி அவ்வளவு பிடிக்காது. அந்தப் பழஞ்சோற்றுத் தண்ணிதான் விருப்பம்.